கொழும்புக்கு உறவு பார்க்கப் போகிறவர்களுக்கு

பல வருடங்கள் வெளிநாட்டில் இருந்துவிட்டு முதற்றடவையாகக் கொழும்புக்குத் திரும்புகிறவர்களும், அங்கே பிறக்காமல் பெற்றோரின் உறவுகளையோ வாழ்க்கைத்துணையின் உறவுகளையோ பார்க்கப் போகிறவர்களும் என்னிடம் வழக்கமாகக் கேட்பவை எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்ற மூன்று கேள்விகள்தான். அவற்றுக்கு விடை சொல்வது கடினமில்லை. அவற்றுக்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முதலில் யார் வீட்டுக்குப் போவது?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதினொரு வருடம் கழித்து லண்டனிலிருந்து போன என் முதற் பயணத்தில், வெள்ளவத்தையில் தங்கியிருந்த இடத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த சின்னம்மா வீட்டுக்கு அன்று மாலையே நடந்து போய், இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் அரைமணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது, அவர் கதவைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வெள்ளவத்தையில எல்லாரையும் பாத்து முடிச்சாச்சோ?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் முகம் தெளிய இரண்டு மணித்தியாலமும் மூன்று தேத்தண்ணியும் தேவைப்பட்டன. ஆகவே, நான் சொல்லப்போகும் வழிமுறையில் வீடுகளின் பட்டியலே பயணத் திட்டம். ஊர் பார்ப்பதும் வெளியே சாப்பிடுவதும் அந்தப் பட்டியலின் இடைவெளிகளில் வந்து அமர வேண்டியவை.

பட்டியல் போடுதல்

விமானச்சீட்டு எடுத்த வாரத்திலேயே அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் இருத்திக்கொண்டு, போக வேண்டிய வீடுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: உறவுமுறை, கொழும்பில் எத்தனையாம் பிரிவு, கடந்த வருடங்களில் அந்த வீட்டில் நடந்த நன்மை தீமை. இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் வராமல் விட்ட காலத்தில் செத்தவீடு நடந்த வீடு எதுவோ, அந்த வீட்டுக்குத்தான் வயது வரிசையையும் தாண்டி முதலில் போக வேண்டும். அதை ஒருவரும் குறையாகக் கொள்ள மாட்டார்கள். அதற்கு அடுத்ததாக மூத்தவர்கள், அதற்குப் பிறகு மற்றவர்கள்.

கொழும்பின் பிரிவு எண்கள் புதியவருக்குப் பெரிய உதவி. 13 கொட்டாஞ்சேனை, 15 மட்டக்குளியும் முகத்துவாரமும், 11 புறக்கோட்டை; இவை வடக்கே ஒரு கொத்து. 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை என்பன காலி வீதியை ஒட்டித் தெற்கே வரிசையாக வருகின்றன. அதற்கு அப்பால் மாநகர எல்லை கடந்து தெஹிவளையும் கல்கிசையும் இருக்கின்றன. வத்தளை, களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. வடக்குக் கொத்தையும் தெற்குக் கொத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். வரைபடத்தில் பத்துக் கிலோமீற்றர் என்று தெரிவது, மாலை ஐந்து மணிக்குக் காலி வீதியில் ஒன்றரை மணித்தியாலமாக நீளக்கூடும். அங்கே காத்திருப்பவர்களின் சமையல் ஆறிக்கொண்டிருக்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்பது என் கணக்கு. அவற்றில் ஒன்று சாப்பாட்டுக்கு, மற்றது தேத்தண்ணிக்கு. மூன்றாவது வீட்டைச் செருகினால் மூன்று வீட்டாரிடமும் அவசரப்பட்டவர் என்ற பெயர்தான் மிஞ்சும். வாரத்தில் ஒரு நாளை முற்றாக வெறுமையாக விட்டுவிடுங்கள். நீங்கள் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, பட்டியலிலேயே இல்லாத ஒருவர் கட்டாயம் அழைப்பார்.

புறப்படும் முன்

இலங்கைக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் உட்பட, இலத்திரனியல் பயண அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். விண்ணப்ப நடைமுறையும் கட்டணமும் அண்மைய வருடங்களில் மாறிக்கொண்டே இருப்பதால், போன வருடம் போன நண்பரின் சொல்லை நம்பாமல், இலங்கை அரசின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தையே பாருங்கள். அதைப் போலவே தோற்றமளித்து மேலதிகப் பணம் வாங்கும் தளங்கள் இருக்கின்றன. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையும் கூடவே கொண்டு போக வேண்டும்.

காலம் பற்றி ஒரு சொல். கொழும்பில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. ஒக்டோபரிலும் நவம்பரிலும் பின்னேர மழை இடியோடு கொட்டும். ஆடி மாதத்தில் போகிறவர்களுக்கு, செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஊர்வலமாக வரும் ஆடிவேல் விழாவைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

அன்பளிப்புகள் விடயத்தில் என் ஆலோசனை, ஆளுக்கொன்று என்று வாங்காமல் வீட்டுக்கொன்று என்று வாங்குங்கள் என்பதுதான். சொக்கலேற் இன்று கொழும்பின் எந்தப் பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கிறது. ஆனாலும், வெளிநாட்டிலிருந்து வந்தவர் கையை வீசிக்கொண்டு வந்தார் என்ற சொல் நிலைத்துவிடும். முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு வலி நீக்கும் தைலமும், நல்ல துவாய் ஒன்றும், பெரிய எழுத்துக்கள் உள்ள மணிக்கூடும் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறேன். சொக்கலேற்றை விட அவை நெடுநாள் பேசப்பட்டன. கணக்கில் வராத இரண்டு மூன்று வீடுகளுக்கென்று பெயரெழுதாத பொதிகள் சிலவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து வீடு வரை

விமானத்தை விட்டு இறங்கி, குடிவரவு முடிந்து வெளியே வரும் வழியில், தீர்வையற்ற கடைகளில் குளிர்சாதனப் பெட்டிகளும் சலவை இயந்திரங்களும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு புதியவர்கள் திகைப்பார்கள். மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாங்கிப் போகும் பொருட்கள் அவை. நீங்கள் அதைக் கடந்து வந்து, வருகை மண்டபத்தில் இருக்கும் வங்கிப் பீடங்களில் கொஞ்சம் பணம் மாற்றி, டயலொக், மொபிட்டல், ஹட்ச் ஆகியவற்றுள் ஒன்றின் சிம் அட்டையைக் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் மாற்றும்போது 5000 ரூபாய்த் தாள்களாக மட்டும் வாங்காமல், ஒரு பகுதியை 100, 500, 1000 ரூபாய்த் தாள்களாகக் கேளுங்கள். பெரிய தாளை நீட்டினால் ஓட்டோக்காரரிடம் மாற்றிய காசு இருக்காது, உண்மையாகவே இருக்காது.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு ஏறக்குறைய 35 கிலோமீற்றர். 2013 இல் திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலையில் பேலியகொடை வரை விரைவாக வந்துவிடலாம். நெரிசல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டு விலை சொல்பவர்களோடு பேரம் பேசுவதை விட, உள்ளே இருக்கும் பீடத்தில் வாகனம் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். அல்லது பிக்மீ, ஊபர் செயலிகளைப் பயன்படுத்துங்கள். ஆனால், உறவினர் ஒருவர் வான் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னால் மறுக்கக் கூடாது. அது வசதி பற்றிய விடயமல்ல. ஐந்து பேர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வந்து கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்று கையசைப்பது அவர்களுடைய உரிமை. வானுக்குரிய காசை நீங்கள் கொடுக்க வேண்டும்; அதை வீட்டில் எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கொடுக்கக் கூடாது.

தங்குமிடம் வெள்ளவத்தையாக இருந்தால் புதியவருக்கு மொழிச் சிரமம் குறைவு. காலி வீதியின் கடற்பக்க ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் நெருங்கி நிற்கின்றன. மரக்கறிக் கடை, மருந்துக் கடை, தையற்கடை, நகைக்கடை எல்லாவற்றிலும் தமிழ் செல்லும். வீட்டு இலக்கங்களில் சாய்கோடுகள் நிறைய வரும். 27/3 என்ற வீடு 27க்குப் பக்கத்தில் இருக்காமல், உள்ளே போகும் சிறிய பாதை ஒன்றின் முடிவில் இருக்கலாம். ஆகவே, முகவரியோடு அடையாளமாக ஒரு கோயிலையோ கடையையோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொடர்மாடி வாசலில் காவலாளி ஒரு கொப்பியை நீட்டுவார். பெயரும் வீட்டு இலக்கமும் வந்த நேரமும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவரோடு இரண்டு வார்த்தை பேசி வையுங்கள். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்த மின்தூக்கி பழுது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஒரு வீட்டுக்குப் போகும் முறை

முந்திய நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லும்போதே தேத்தண்ணிக்கு வருகிறீர்களா, சாப்பாட்டுக்கு வருகிறீர்களா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். "சும்மா பாத்துட்டுப் போறம், ஒண்டும் செய்ய வேண்டாம்" என்று சொன்னால், அதைச் சாப்பாட்டுக்கு வருவதாகவே எடுத்துக்கொள்வார்கள். "நாலு மணிக்குத் தேத்தண்ணி குடிக்க வாறம், ராச்சாப்பாடு மாமி வீட்டில" என்று இன்னொரு வீட்டின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அடுப்பில் இரண்டாவது பானை ஏறாது.

வெள்ளிக்கிழமைகளில் சைவக் குடும்பங்கள் பல மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை. சில வீடுகளில் செவ்வாயும் அப்படித்தான். கந்தசஷ்டி, நவராத்திரி, புரட்டாதிச் சனி ஆகிய நாட்களும் இதில் அடங்கும். அந்த நாட்களில் பொரித்த கோழிப் பெட்டியோடு வாசலில் போய் நிற்கக் கூடாது. முழுநிலா நாளான போயா தினம் நாடு முழுவதற்கும் விடுமுறை. அன்று மதுபானம் விற்பதில்லை, இறைச்சிக் கடைகளும் பூட்டியிருக்கும். நண்பர்களோடு வெளியே போக நினைக்கிறவர்கள் நாட்காட்டியை முதலே பார்த்துக்கொள்ளட்டும்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், வீட்டில் ஆக மூத்தவர் எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டு முதலில் அவரிடம் போங்கள். அவருக்குக் காது கேட்காவிட்டாலும், உங்களை அடையாளம் தெரியாவிட்டாலும், பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து, இன்னாருடைய மகன், இன்னாருடைய பேத்தி என்று சொல்ல வேண்டும். முறைசொல்லித்தான் அழைக்க வேண்டும். தெரியாவிட்டால் வரும் வழியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. அம்மாவின் தங்கையைச் சில வீடுகளில் சித்தி என்பார்கள், சில வீடுகளில் சின்னம்மா என்பார்கள். எல்லோரையும் அங்கிள், அன்ரி என்று அழைத்து ஒப்பேற்றுவது இப்போது கொழும்பிலும் வழக்கம்தான். என்றாலும், வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை ஒன்று "பெரியம்மா" என்று கூப்பிடும்போது அந்த முகத்தில் வரும் மலர்ச்சியை அங்கிளும் அன்ரியும் கொண்டுவருவதில்லை.

சாப்பிடும்போது முதற்றடவை குறைவாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை கட்டாயம் வரும், மூன்றாவதும் வரும். முதலிலேயே கோப்பை நிறையப் போட்டுவிட்டு மிச்சம் வைப்பதுதான் குற்றம். பிட்டுக்கு எந்தக் கறி, இடியப்பத்துக்கு எந்தச் சம்பல் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுச் சாப்பிடுங்கள். உறைப்புத் தாங்காவிட்டால் சொதியை இன்னொரு கரண்டி விட்டுக்கொண்டால் போதும், "காரமாக இருக்கிறது" என்று சொல்லத் தேவையில்லை.

பேச்சில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. ஐந்து பவுண் என்ன பெரிய காசா என்ற வகையில் விலைகளை மாற்றிப் பார்த்துச் சொல்வது, 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஒரு வீட்டில் கேட்கக் கூசும். அதேபோல, 1983 ஜூலையைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். வெள்ளவத்தையில் அப்போது வீடு எரிந்த குடும்பங்கள் இன்றும் அதே ஒழுங்கைகளில் இருக்கின்றன. பெரியவர்கள் ஒருநாள் நடந்து போகையில் ஒரு மதிலுக்கு முன்னால் நின்று தாமாகச் சொல்வார்கள், அப்போது கேட்டுக்கொண்டு நில்லுங்கள். காணி, வீட்டு உறுதி, யார் யாருக்குக் காசு அனுப்பினார்கள் என்ற விடயங்களில் கருத்துச் சொல்லாமல் தலையாட்டுவது உத்தமம். நீங்கள் ஒரு வீட்டில் சொன்னது உங்களுக்கு முன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

விடைபெறும்போது "போறன்" என்று சொல்லக் கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் அதையும் சொல்லாமல் எழுந்து மெதுவாக வெளியே வர வேண்டும். முதியவர்கள் கையில் எதையாவது திணித்தால், அது நூறு ரூபாயாக இருந்தாலும், வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியே சாப்பிடுதல்

வீட்டுச் சாப்பாடு இவ்வளவு இருக்கையில் கடை எதற்கு என்று உறவினர்கள் கேட்பார்கள். கொழும்பின் கடைச் சாப்பாடு வேறொரு சாதி என்பதுதான் என் பதில். காலையில் பம்பலப்பிட்டிப் பக்கத்துச் சைவக் கடைகளுக்குப் போங்கள். காலி வீதியில் உள்ள சரஸ்வதி லொட்ஜும், சற்றே உட்தள்ளி இருக்கும் கிரீன்லண்ட்ஸும் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பழக்கமானவை. தோசைக்குச் சாம்பாரும் சட்னியும் வாளியோடு வரும். கோப்பி கேட்டால் பித்தளையிலோ கண்ணாடியிலோ ஆவி பறக்கத் தருவார்கள்.

புதியவர்களைத் தடுமாற வைக்கும் ஒரு வழக்கத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். தேத்தண்ணிக் கடை ஒன்றில் போய் இருந்து பிளேன் டீ கேட்டால், நீங்கள் கேளாமலே ரோல்ஸ், பற்றிஸ், கட்லற், மாலு பாண், வடை எல்லாம் குவித்த ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைப்பார்கள். என்னோடு வந்த மச்சான், கனடாவில் பிறந்தவர், இத்தனையும் நாங்கள் கேட்கவில்லையே என்று பதறி, காசு வீணாகக் கூடாதென்று ஐந்தாவது ரோல்ஸையும் கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். சாப்பிட்டவற்றுக்கு மட்டும்தான் காசு. பரிமாறுகிறவர் கடைசியில் வந்து, தட்டை ஒருமுறை பார்த்து, குறைந்தவற்றை மனக்கணக்காக எண்ணிச் சிட்டை தருவார். மிச்சத் தட்டு அடுத்த மேசைக்குப் போகும். பலர் கை பட்ட தட்டு என்று தயங்குகிறவர்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டித் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சலும், இரவுக்குக் கொத்து ரொட்டியும் போதும். கொத்தை, தகரத் தட்டில் கத்தி விழும் தாளம் தெருவுக்குக் கேட்கும் கடையில், கண்ணுக்கு முன்னால் போடச் சொல்லிச் சாப்பிட வேண்டும். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால் அது வேறு உணவாகிவிடுகிறது. பறங்கியர் சமையலில் வந்த லம்ப்ரைஸ், வாழையிலையில் சோறும் கறிகளும் பொதிந்து சுட்டது; முஸ்லிம் வீடுகளின் வட்டிலப்பம்; இரண்டையும் தவறவிடாதீர்கள். பெரிய உணவகங்களில் விலைப்பட்டியலில் காணும் தொகைக்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணமும், 2024 முதல் 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும் ஏறலாம் என்பதை, பத்துப் பேரை விருந்துக்கு அழைக்கும் முன் கணக்கிற் கொள்ளுங்கள். அப்படி ஒரு விருந்து கொடுப்பது நல்லது. ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்ட கடனை ஒரே இரவில் ஓரளவு தீர்க்கலாம், ஒருவரோடொருவர் கதைக்காத உறவினர்களை மேசையின் இரண்டு அந்தங்களிலும் இருத்தினால் சிக்கலும் வராது.

இடைவெளிகளில் ஊர் பார்த்தல்

வடக்குக் கொத்துக்குப் போகும் நாளில், வீட்டுக்குப் போகும் முன் காலையிலேயே கொச்சிக்கடைக்குப் போங்கள். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுப்பியதை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லில் மீளக் கட்டியது. வெளியில் வெயில் கொளுத்தும்போதும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும். நடை தூரத்தில் புனித அந்தோனியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுத் தாக்குதலுக்கு உள்ளான ஆலயம் அது. செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் நேர்த்திக்கு வருவதால் நெரிசல் மிகும். அங்கிருந்து செட்டியார் தெருவின் நகைக்கடை வரிசையைக் கடந்து புறக்கோட்டைக்குள் நுழைந்தால், இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமான கற்கோலத்தோடு சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் நிற்கிறது. இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் 1909 இல் கட்டி முடித்தது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தையும், கடைகள் பல பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, பத்து மணிக்குள் நடந்து முடித்தால், பெரியப்பா வீட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரத்துக்குப் போகலாம்.

தெற்கிலிருந்து கோட்டை ரயில் நிலையத்துக்குப் போவதற்குக் கரையோர ரயிலை விடச் சிறந்த வழி இல்லை. வெள்ளவத்தையில் ஏறி இடப்பக்கமாக நின்றால், பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று ஒவ்வொரு நிலையமும் கடலோடு ஒட்டியபடியே வரும். அலை உயர்ந்த நாட்களில் உப்புத்தூவல் முகத்தில் தெறிக்கும். காலை ஏழு முதல் ஒன்பது வரையும் மாலை நாலரைக்குப் பிறகும் அலுவலகக் கூட்டம். அப்போது பிள்ளைகளோடு ஏறாதீர்கள். காலி வீதியில் 100, 101 ஆம் இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்குப் போகின்றன. முன் ஆசனங்கள் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டவை. இறங்கும்போது, இறங்குகிறேன் என்பதற்குச் சிங்களத்தில் "பஹினவா" என்று சொன்னால் நடத்துநர் மணியடிப்பார்.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று சொல்பவரை நான் கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய நூதனசாலைக்கு அனுப்புவேன். 1877 இல் திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை அது. கண்டி மன்னரின் சிம்மாசனத்தையும், பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் வெண்கலங்களையும் எல்லோரும் பார்ப்பார்கள். பலர் கடந்து போய்விடுவது, 1911 இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கற்பலகையை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த, 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கல்லில், சீனம், பாரசீகம், தமிழ் என மூன்று மொழிகளில் எழுத்து இருக்கிறது. மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பு அல்ல: சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு, தமிழ்ப் பகுதி தெற்கே தெவிநுவரவில் கோயில் கொண்ட தெய்வமான தேனவரை நாயனாருக்கு. கல் தேய்ந்திருக்கிறது. ஆனாலும், பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, அறுநூறு வருடத்துக்கு முன் இந்தத் தீவுக்கு வந்த ஒருவர் தமிழில் எழுத வேண்டும் என்று ஏன் நினைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். கட்டணம் வெளிநாட்டவருக்கு அதிகம். எவ்வளவு நல்ல தமிழில் பேசினாலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வெளிநாட்டவர்தான்.

மாலையில் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859 இல் முடித்த நடைபாதையில், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாகப் பொறித்த கல் இன்னும் இருக்கிறது. 2022 இல் மக்கள் மாதக்கணக்கில் கூடாரமடித்துப் போராடியதும் இதே திடலின் ஓரத்தில்தான். இறால் வடையை, உங்களுக்கு முன்னால் எண்ணெயிலிருந்து எடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். கங்காராம விகாரைக்கும் பேரா வாவியில் மிதப்பது போல நிற்கும் சீமா மாலகத்துக்கும் போகிறவர்கள் தோளும் முழங்காலும் மூடிய உடுப்போடு போக வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. சுமார் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்; மழை நாளில் மேலே ஏறிப் பயனில்லை.

வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். 1942 இல் தொடங்கிய சங்கம். அதன் நூலகத்தில் இருந்து பழைய இதழ்களைப் புரட்டலாம், மண்டபத்தில் பெரும்பாலும் ஏதாவது ஒரு நூல் வெளியீடோ கூட்டமோ நடந்துகொண்டிருக்கும்.

நண்பர்கள்

பள்ளித் தோழர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க முயலாதீர்கள். உறவினர் பட்டியலே உடைந்துவிடும். மரைன் டிரைவில் கடற்காற்று வரும் ஒரு கடையில், ஒரு மாலை ஏழு மணிக்கு எல்லோரையும் வரச் சொல்லுங்கள். எட்டு மணிக்கு வருவார்கள். காசு கொடுப்பதில் இழுபறி வரும். முதலே காசாளரிடம் போய்ச் சொல்லி வைத்துவிடுங்கள்.

உடல்நலம்

கொதித்தாறிய நீரையோ போத்தல் நீரையோ குடியுங்கள். கொழும்பில் டெங்கு வருடம் முழுவதும் இருக்கிறது. பகலிலும் நுளம்பு விரட்டி பூசுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி எடுக்காமல் வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், பொலிஸ் 119.

திரும்பும் நாள்

வத்தளையில் இருக்கும் உறவினரை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பார்க்கலாம் என்று யாரும் திட்டமிடக் கூடாது. வழியில் இருப்பது உண்மைதான். மாமி ஒருவர் எனக்காகத் தோசை சுடத் தொடங்கிய ஒரு மாலை, "இன்னும் ரெண்டு, இந்தா ஆச்சு" என்று சொல்லச் சொல்ல, கடைசியில் விமானத்துக்கு ஐம்பது நிமிடம் இருக்கையில் கட்டுநாயக்காவின் வாசலில் ஓடிக்கொண்டிருந்தேன். வத்தளைக்கு முந்திய நாளே போய் வந்துவிடுங்கள். கடைசி நாளைத் தங்கியிருக்கும் வீட்டாருக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். விமான நேரத்துக்கு ஐந்து மணித்தியாலம் முன்பே வெள்ளவத்தையை விட்டுப் புறப்படலாம்.

பயணப்பெட்டியில் குறைந்தது ஆறு கிலோவைக் காலியாக வைத்திருங்கள். வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, முறுக்கு, யாருக்கோ கொடுக்கச் சொல்லி மூடிக் கட்டிய பொதி ஒன்று என எல்லாம் கடைசி இரவில் வந்து சேரும். தூளை இரட்டைப் பையில் போட்டு ஒட்டுநாடா சுற்றி, உடுப்புகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். கருவாடும் இறைச்சி வகையும் நீங்கள் திரும்பும் நாட்டின் சுங்கத்தில் தடையா என்று முன்பே பார்த்து, தடை என்றால் அதை மாமியிடம் நீங்களே சொல்லாமல், வீட்டில் அவர் சொல் கேட்கும் ஒருவரைக் கொண்டு சொல்லுங்கள். மூடிக் கட்டிய பொதியை, யார் தந்தாலும், உங்கள் கண்முன்னால் பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டே பெட்டியில் வையுங்கள். பழைய வீடுகளில் தராசு இருக்காது. மூலைக்கடையில் அரிசி நிறுக்கும் தராசில் பெட்டியை வைத்துப் பார்க்கக் கேட்டால், கடைக்காரர் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று விசாரித்தபடியே நிறுத்துத் தருவார்.